வரி முறையை எளிமையாக்குவது என்பது வரியைக் குறைப்பதா?

கல்முனையில் வன்பொருள் கடை நடத்தும் ஒருவர் இவ்வாறு கேட்டிருக்கிறார். இல்லை என்பதே என் பதில். வீதம் மாறாமலேயே ஒரு வரி முறை எளிமையாகலாம்.

இலங்கையில் 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். பதிவு செய்த வணிகர், தாம் கொள்வனவின்போது செலுத்திய வரியைக் கழித்துவிட்டு மீதியையே செலுத்துவதால், அது ஒவ்வொரு கட்டத்திலும் கூட்டப்பட்ட பெறுமதியின் மீது மட்டுமே விழுகிறது. ஆனால் 2022 ஒக்டோபரில் வந்த 2.5 சதவீதச் சமூகப் பாதுகாப்பு வரியில் அத்தகைய கழிவு இல்லை. கொழும்பு இறக்குமதியாளர் கட்டியது விலைக்குள் மறைந்து, மொத்த வியாபாரியைக் கடந்து, மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சீமெந்து வாங்கும் குடும்பத்தின் தலையில் இறங்குகிறது. போதாததற்கு, அவ்வரியும் சேர்ந்த தொகையின் மீதே பெறுமதி சேர் வரி கணிக்கப்படுகிறது.

ஆகவே, எளிமைப்படுத்தல் இங்கிருந்தே தொடங்க வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன்: இவ்விரண்டையும் கழிவுள்ள ஒரே வரியாக்கினால், வணிகருக்கு ஒரு கணக்கும் ஒரு படிவமும் போதும். இறக்குமதியில் சுங்கத் தீர்வையுடன் செஸ் எனும் மேலதிக வரி, துறைமுக அறவீடு எனத் தனித்தனியாக அடுக்கப்படுவனவற்றுக்கும் இது பொருந்தும்.

வருமான வரி வேறு விடயம். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் நிவாரணம், அதாவது வரி விலக்கு, உண்டு. அங்கே சிக்கல் வீதத்தில் அன்று, தமிழில் தெளிவான வழிகாட்டல் வேண்டியிருப்பதிலேயே உள்ளது.