வாசகர் கேள்வி பதில்: "கஜாவையே பார்த்தவள், இதற்கா ஓடுவேன்?"

கேள்வி: நாங்கள் ஃப்ளோரிடாவில் டாம்பா பக்கம் இருக்கிறோம். புயல் வந்தால் வெளியேற வேண்டிய இடங்களை இங்கே எழுத்து போட்டுப் பிரித்திருக்கிறார்கள், அதில் எங்கள் வீடு பி மண்டலத்தில் வருகிறது. 2024 அக்டோபரில் மில்டன் புயல் வந்தபோது நானும் கணவரும் அட்லாண்டாவில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குக் காரில் போனோம். ஏழு மணி நேரப் பயணம், பதினைந்து மணி நேரம் ஆனது. இந்த முறை வேதாரண்யத்திலிருந்து அம்மா வந்திருக்கிறார், நவம்பர் வரை இருப்பார். 74 வயது, இன்சுலின் போடுகிறார், முழங்கால் வலி வேறு. புயல் வந்தால் கிளம்பணும்மா என்றால், "கஜாவையே கதவைச் சாத்திக்கிட்டு பார்த்தவ நான், நீங்க போங்க" என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது? எப்போது கிளம்புவது?
— ஒரு வாசகி, டாம்பா

பதில்: சகோதரி, முதலில் அட்லாண்டாவை மறந்துவிடுங்கள். அம்மாவோடு அவ்வளவு தூரம் வேண்டாம்.

இதை நான் பட்டறிந்து சொல்கிறேன். 2005 செப்டம்பரில் ரீட்டா புயல் வந்தபோது நாங்கள் ஹூஸ்டனில் இருந்தோம், அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். நியூ ஆர்லியன்ஸில் கத்ரீனா ஆடிவிட்டுப் போய் நாலு வாரம்கூட ஆகவில்லை, பயத்தில் ஊரே ஒரே நாளில் சாலைக்கு வந்துவிட்டது. 25 லட்சம் பேருக்கு மேல். டல்லாஸ் நாலு மணி நேரம்தான், எங்களுக்கு 22 மணி நேரம் ஆனது. ஏசி போட்டால் பெட்ரோல் தீர்ந்துவிடும் என்று ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம், வெளியே அனல். அப்பா தண்ணீரே குடிக்கவில்லை. நீட்டும்போதெல்லாம் "தாகமே இல்லம்மா" என்றார். வழியில் கழிப்பறை கிடையாது என்பதால் குடிக்காமல் இருந்திருக்கிறார், எனக்கு அது உறைக்கவே இல்லை. சாயங்காலம் உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டு, வெளியே பார்த்தபடி, "திண்டிவனம் தாண்டியாச்சா?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை. டெக்சஸ் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துகொண்டு திண்டிவனத்தைத் தேடிக்கொண்டிருந்தார். ஓரமாக நிறுத்தி, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்து, அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு மணி நேரம் ஆனது. ரீட்டாவோ கிழக்கே திரும்பி, டெக்சஸ்-லூசியானா எல்லையில் கரையேறியது. எங்கள் வீட்டில் இரண்டு கிளை முறிந்திருந்தது, அவ்வளவுதான். டெக்சஸில் அந்தப் புயலையொட்டி நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் வெளியேறும் பாட்டில்தான். முதியோர் இல்லத்திலிருந்து கூட்டிப்போன பஸ் ஒன்று டல்லாஸுக்குப் பக்கத்தில் தீப்பிடித்து 23 பேர் போனார்கள்.

அதனால் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. பி மண்டலத்துக்கு உத்தரவு வந்தால் கட்டாயம் கிளம்ப வேண்டும். "காற்று வந்தால் ஒதுங்கு, தண்ணீர் வந்தால் ஓடு" என்று உங்கள் ஊரில் சொல்வார்களே, அந்த மண்டல எழுத்தெல்லாம் தண்ணீருக்காகப் போட்டதுதான். கடல் ஏறாத இடத்தில், உறுதியான வீடாகப் பார்த்துப் போய்விட்டால் போதும். அது முப்பது மைலிலேயே கிடைக்கலாம். லேக்லாண்ட் பக்கமோ ஆர்லாண்டோவிலோ, ஏரிக்கரையிலும் பள்ளத்திலும் இல்லாத நண்பர் வீடு இருக்கிறதா என்று இன்றைக்கே பேசி வையுங்கள். அங்கேயும் கரண்ட் போகலாம், ஆனால் இரண்டு மணி நேரத்தில் அம்மா கட்டிலில் படுத்திருப்பார். கரையோரமாகவே தெற்கே மட்டும் போகாதீர்கள். 2022இல் இயன் புயல் டாம்பாவுக்குத்தான் வரும் என்று முதலில் சொன்னார்கள், கடைசியில் அது ஃபோர்ட் மையர்ஸ் பக்கம் போய் இறங்கியது.

எப்போது என்றால், 'வாட்ச்' என்ற அறிவிப்பு வந்ததும். பலத்த காற்று தொடங்க ஏறக்குறைய 48 மணி நேரம் இருக்கும்போது அது வரும், 'வார்னிங்' வரும்போது 36 மணி நேரம்தான் மிச்சம். எல்லோரும் வார்னிங் பார்த்து, உத்தரவு பார்த்து, அப்புறம் கிளம்புவார்கள், அந்தக் கூட்டத்தில் அம்மாவை உட்கார வைக்காதீர்கள். புயல் திசை மாறி ஒன்றுமே ஆகாமல் திரும்பி வந்தால், இரண்டு நாள் விருந்தாளியாக இருந்துவிட்டு வந்தோம் என்று இருக்கட்டும்.

சரி, அம்மா. அவர் சொல்வது வீம்பு இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா கரையேறியதே அவர் ஊருக்குப் பக்கத்தில்தான், எத்தனை தென்னை சாய்ந்தது என்று உங்களைவிட அவருக்குத் தெரியும். ஆனால் கஜா அவர் மனதில் காற்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் 1964ஐப் பற்றிக் கேளுங்கள். தனுஷ்கோடியை அழித்தது வெறும் காற்றா, கடல் எழுந்து வந்ததா என்று கேளுங்கள், சின்னப் பெண்ணாகக் கேள்விப்பட்டதை அவரே சொல்வார். அப்புறம் ஹெலீன் படங்களைக் காட்டுங்கள். 2024 செப்டம்பரில் அந்தப் புயல் டாம்பாவைத் தொடவே இல்லை, நூறு மைலுக்கு அப்பால் கடலோடு போனது, ஆனாலும் உங்கள் விரிகுடாவைச் சுற்றியிருந்த வீடுகளுக்குள் கடல் வந்தது. இன்னொன்று, "உங்களுக்கு ஆபத்து" என்று சொன்னால் நம் அம்மாக்கள் அசைய மாட்டார்கள். "எனக்குப் பயமா இருக்கு, துணைக்கு வாங்கம்மா" என்று சொல்லிப் பாருங்கள். கட்டுச்சோறு பொறுப்பையும் அவரிடமே விடுங்கள். புளியோதரையும் பொடி தடவிய இட்லியும் போதும், சட்னி வேண்டாம், கெட்டுவிடும்.

மருந்து விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். ஃப்ளோரிடாவில் புயல் எச்சரிக்கை இருந்தால் 30 நாள் மாத்திரையை முன்கூட்டியே வாங்க சட்டமே இருக்கிறது, ஆனால் அங்குள்ள மருந்துச் சீட்டு இருப்பவர்களுக்குத்தான் அது உதவும். அம்மா ஆறு மாதத்துக்கும் சேர்த்து ஊரிலிருந்து கொண்டுவந்திருப்பார், எல்லாம் ஒரே பையில் இருக்கும், அந்தப் பை போனால் போச்சு. அது டிக்கிக்குப் போகக் கூடாது, உங்கள் மடியில் இருக்கட்டும். ஒவ்வொரு அட்டையையும் இன்றே போட்டோ எடுங்கள், மருந்தின் மூலப்பெயர் தெரியும்படி. நம் ஊர் பிராண்ட் பெயர் அங்கே மருந்துக்கடைக்காரருக்குப் புரியாது, மெட்ஃபார்மின் என்றால் புரியும். இன்சுலினை ஐஸில் நேராக வைக்காதீர்கள், உறைந்துவிட்டால் தூக்கித்தான் போட வேண்டும். துண்டில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள், நிறுத்திய காரிலும் விட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட், விசா, காப்பீட்டுத் தாள் எல்லாம் அதே பையில்.

தண்ணீரை நீங்களே கையில் ஊற்றிக் கொடுத்துக் குடிக்க வையுங்கள். பெரியவர்களுக்கான டயபர் ஒரு பாக்கெட் வாங்கி, "டிராஃபிக் ஆனா கூச்சப்படாதீங்கம்மா" என்று புறப்படும் முன்பே, மாப்பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது சொல்லிவிடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நாலு எட்டு நடக்கட்டும், உட்கார்ந்தே இருந்தால் காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும். 2017இல் இர்மா வந்தபோது மாநிலம் முழுக்க பெட்ரோலுக்கு அலைந்தார்கள், அதனால் நவம்பர் முடியும் வரை டேங்க் பாதிக்குக் கீழே இறங்க வேண்டாம்.

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறேன். அப்பா சக்கர நாற்காலியில், தூக்கி ஏற்ற நான் ஒருவன்தான். புயல் என்றால் என்ன செய்வது?
— ஒரு வாசகர், ஹூஸ்டன்

பதில்: தம்பி, தனியாகத் தூக்க முயலாதீர்கள், இருவருமே விழுவீர்கள். டெக்சஸில் இப்படிப்பட்டவர்களுக்காக 'ஸ்டியர்' என்று ஒரு பதிவேடு இருக்கிறது. 211க்கு போன் செய்து பெயர் கொடுங்கள், பணம் எதுவும் இல்லை, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பதிந்துவிட்டால் வண்டி வந்தே தீரும் என்று உத்தரவாதம் கிடையாது. ஆகவே தெருவில் இரண்டு பேரிடம், "வாட்ச் வந்தால் அப்பாவை ஏற்றக் கை கொடுப்பீர்களா?" என்று கேட்டு வையுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர்களை வரச்சொல்லி, அப்பாவை ஒரு தடவை காரில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். நாற்காலி மடங்கி டிக்கியில் போகிறதா என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.