பட்டியலில் பேர் ஏற்ற அரசியல் சட்டம் எதற்கு?

கேள்வி: அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் என் மகள் குடியுரிமை வாங்கிவிட்டாள். டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்திலேயே வாக்காளர் பட்டியலிலும் பேர் ஏறிவிட்டதாம். இதற்காக 2018இல் மாநில அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள் என்கிறாள். சாதாரணச் சட்டம் போதாதா?
(வாசகர், காரைக்குடி)

பதில்: உங்கள் மகளுக்கு என் வாழ்த்துகள் ஐயா. அவளுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை. 2016 அக்டோபர் மூன்றாவது வாரத்தில் டெட்ராய்ட்டில் குடியுரிமை உறுதிமொழி எடுத்தேன். மறுநாளே பேர் பதியப் போனேன். தேர்தலுக்கு முப்பது நாள் முன்பே பதிவு முடிந்துவிட்டது, அடுத்த தேர்தலில் பார்க்கலாம் என்றார்கள். நவம்பர் 8 அன்று வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தேன். மிச்சிகனில் அதிபர் தேர்தலின் முடிவு வெறும் 10,704 ஓட்டு வித்தியாசத்தில் அமைந்தது. என் ஒரு ஓட்டால் எதுவும் மாறியிருக்காது. ஆனாலும் இருபது வருஷம் காத்திருந்து வாங்கிய உரிமை, ஒரு தேதிக்காகக் கைக்கு எட்டாமல் போனது இன்னும் வலிக்கிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியல் சட்டம் உண்டு. சாதாரணச் சட்டமாகக் கொண்டுவந்தால் சட்டமன்றம் சம்மதிக்க வேண்டும், ஆளுநர் கையெழுத்துப் போட வேண்டும். நெவாடாவில் 2017இல் இதே ஏற்பாட்டை ஆளுநர் ரத்து செய்தார். மறு வருஷம் மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் அது வந்தது. சட்டமாக வந்துவிட்டாலும், பின்னால் வரும் சட்டமன்றம் அதை எடுத்துவிடலாம். அரசியல் சட்டத்தில் ஏறிவிட்டால், மறுபடி மக்களிடம் ஓட்டுக்கு விடாமல் ஒரு எழுத்தைக்கூடத் தொட முடியாது.

மிச்சிகனில் மக்களே கையெழுத்து திரட்டித் திருத்தம் கொண்டுவர வழி இருக்கிறது. 2018இல் அதற்கு 3,15,654 கையெழுத்து தேவைப்பட்டது. நானும் ஆன் ஆர்பர் சந்தையில் சனிக்கிழமைகளில் அட்டையும் பேனாவுமாக நின்றேன். எனக்குத் தாங்காத விஷயம் ஒன்று உண்டு: ஏற்கெனவே பட்டியலில் பேர் உள்ளவர்கள்தான் கையெழுத்துப் போடலாம். "இன்னும் பதியவில்லை அக்கா" என்று சொன்ன பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினேன். யாருக்காக நின்றேனோ அவர்களால் கையெழுத்துப் போட முடியவில்லை.

நவம்பர் 6 அன்று மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சரி என்று ஓட்டுப் போட்டார்கள். மிச்சிகனில் லைசென்ஸ் கொடுப்பதும் தேர்தலைக் கவனிப்பதும் மாநிலச் செயலர் அலுவலகம்தான். லைசென்ஸ் எடுக்கும்போதே ஓட்டுக்கும் எழுதிக்கொள்ளலாம் என்று 1975லேயே வந்துவிட்டது. ஆனால் அப்போது நாம் கேட்டால்தான் சேர்ப்பார்கள். இப்போது நாம் வேண்டாம் என்றால்தான் விடுவார்கள். இந்த உரிமைகள் தாமாகவே நடைமுறைக்கு வரும் என்ற வரியும் திருத்தத்திலேயே இருக்கிறது. அதனால் சட்டமன்றம் தனிச் சட்டம் போடும்வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: நான் கிரீன் கார்டில் இருக்கிறேன். லைசென்ஸ் புதுப்பிக்கும்போது தெரியாமல் என் பேரும் ஏறிவிட்டால்?
(வாசகி, நோவி)

பதில்: பயம் நியாயமானதுதான் அம்மா. கலிபோர்னியாவில் 2018இல் இந்த முறை தொடங்கிய சில மாதங்களில், தகுதியில்லாத சுமார் 1,500 பேர் தவறுதலாகச் சேர்க்கப்பட்டார்கள். குடியுரிமை இல்லாதவர்களும் அதில் இருந்தார்கள். கவுன்ட்டரில் கிரீன் கார்டைக் காட்டுங்கள். திரையில் குடியுரிமை பற்றிக் கேட்டால் நிதானமாகப் படித்து 'இல்லை' என்று பதில் கொடுங்கள். புரியாத தாளில் கையெழுத்து வேண்டாம். அதையும் மீறி வாக்காளர் அட்டை வந்துவிட்டால் ஓட்டு மட்டும் போட்டுவிடாதீர்கள். குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டு, உங்கள் ஊரில் தேர்தல் வேலைகளைப் பார்க்கும் அதிகாரியான கிளார்க்குக்குப் பேரை நீக்கச் சொல்லி எழுதி, நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தில் அலட்சியம் கூடவே கூடாது.

கேள்வி: லைசென்ஸே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?
(வாசகர், கான்டன்)

பதில்: அதே திருத்தம் இன்னொரு கதவையும் திறந்தது. தேர்தல் நாளன்றுகூட, இருப்பிடச் சான்றோடு இரவு 8 மணிக்குள் கிளார்க் அலுவலகம் போனால் பேரைப் பதிந்து அங்கேயே ஓட்டுப் போடலாம். அப்புறம் 2023இல் வந்த ஒரு சட்டம், சிறையிலிருந்து வெளியே வருகிறவர்களையும் தானாகவே பட்டியலில் சேர்க்க வழி செய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் மிச்சிகன்தான்.

2022 தேர்தல் அன்று ஆன் ஆர்பரில் கல்லூரிப் பிள்ளைகள் பேர் பதிய மணிக்கணக்கில் குளிரில் நின்றார்கள். நான் ஒரு ஃபிளாஸ்க் நிறைய இஞ்சி டீ கொண்டுபோனேன். எட்டு மணிக்குள் வரிசையில் சேர்ந்த யாரையும் திருப்பி அனுப்பவில்லை.