சம்ப்பில் இறங்க மெழுகுவத்தி சோதனை போதுமா?

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் 20,000 லிட்டர் சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி). உறிஞ்சு குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட்வால்வு போய்விட்டது. பிளம்பர் மெழுகுவத்தியைக் கயிற்றில் கட்டி இறக்கி, அணையாவிட்டால் இறங்கலாம் என்கிறார். சரியா?

பதில்: சரியில்லை. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5க்குக் குறைந்தால் ஆள் இறங்கக்கூடாது. மெழுகுவத்தியோ 16, 17 வரை எரிந்துகொண்டிருக்கும். பக்கத்து செப்டிக் டேங்க்கிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு கசிந்திருந்தால் அதையும் காட்டாது. அழுகிய முட்டை நாற்றத்தை நம்பவும் முடியாது. அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றம் போய்விட்டதாகத் தோன்றும். உள்ளே பெயின்ட் ஆவியோ மீத்தேனோ இருந்தால் அந்தச் சுடரே வெடிக்க வைத்துவிடும்.

அதைவிட, இறங்கத்தான் வேண்டுமா? உறிஞ்சு குழாய் மூடி வழியாக இறங்கினால், மோட்டார் பக்க யூனியனை (கழற்றக்கூடிய குழாய் இணைப்பு) கழற்றிக் குழாயை மேலே இழுத்து, வால்வைத் தரையில் வைத்தே மாற்றலாம். குழாய் சுவர் வழியாகப் போனால்தான் சிக்கல்.

இறங்கியே தீர வேண்டுமென்றால், மோட்டார் ஃபியூஸைப் பிடுங்கி, இறங்குபவர் தன் பையிலேயே போட்டுக்கொள்ளட்டும். மூடிகளைத் திறந்து, புளோயர் (காற்றடிக்கும் கருவி) ஹோஸைச் சம்ப்பின் அடித்தரைக்கு ஓரடி மேல் வரை விடுங்கள். சம்ப்பின் வாயில் டேபிள் ஃபேன் வைப்பது வீண். நிமிடத்துக்கு 200 கன அடி தள்ளும் புளோயர் 20 கன மீட்டர் காற்றை ஒருமுறை மாற்ற மூன்றரை நிமிடம் ஆகும்; அரை மணி ஓட்டுங்கள், வேலை முடியும் வரை நிறுத்தாதீர்கள். ஜெனரேட்டர் புகை புளோயருக்குள் போகக்கூடாது. பிறகு ஆக்சிஜனையும் ஆபத்தான வாயுக்களையும் அளக்கும் கேஸ் மீட்டரை இறக்கி மேல், நடு, அடி மூன்றிலும் பாருங்கள். வெளிச்சத்துக்கு பேட்டரி ஹெட்லைட். 230 வோல்ட் பல்பு வேண்டவே வேண்டாம்.

உடல் பெல்ட்டின் கயிறு மேலே மூடிக்கு மேல் நிறுத்திய மூன்று கால் தாங்கியில் (டிரைபாட்) இருக்கட்டும். உள்ளே இருப்பவர் சாய்ந்தால் மேலே நிற்பவர் அவரைத் தொடர்ந்து உள்ளே குதிக்கக்கூடாது. இந்த விபத்துகளில் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து சாவது சகஜம். கயிற்றை இழுத்துக்கொண்டே தீயணைப்புத் துறையின் 101ஐ அழைக்க வேண்டும்.

கேள்வி: நாலடி உயர சம்ப்பில் வேலை செய்து வந்தால் இரண்டு நாள் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

பதில்: குனிந்தபடி உடலை முறுக்கி ரெஞ்சை இழுப்பதால்தான். குத்தவைக்காமல் ஒரு முழங்காலை ஊன்றி, தடித்த முழங்கால் பேட் போட்டு, வேலையை நேருக்கு நேர் பார்த்து உட்காருங்கள். 14 அங்குல ரெஞ்சுக்குப் பதில் இடம் அனுமதித்தால் 18 எடுங்கள். கைக்குப் பாரம் குறையும். சாமான்களை வாளியில் இறக்குங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை மேலே ஏறி நிமிருங்கள். அடுத்த ஆள் இறங்கட்டும்.