ஃபார்னிக்ஸில் எஃப்.ஏ. ஏன் மாறுகிறது?

நண்பரே, ஒரே ஆளை ஒரு வார இடைவெளியில் இரண்டு தடவை டிஃப்யூஷன் ஸ்கேன் (மூளையில் நீரின் நகர்வை அளக்கும் எம்.ஆர்.ஐ.) எடுத்தும் ஃபார்னிக்ஸில் எஃப்.ஏ. (அந்த நகர்வு எவ்வளவு தூரம் ஒரே திசையில் இருக்கிறது என்ற அளவு) ஒத்து வரவில்லை, மெஷின் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். மெஷின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஃபார்னிக்ஸ் மூளைக்குள் சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள நார்க்கற்றை, பக்கத்திலேயே வென்ட்ரிக்கிள், அதாவது மூளைநீர் நிறைந்த அறை. உங்கள் 2.5 மி.மீ. வாக்ஸெலுக்குள் (ஸ்கேன் படத்தின் ஒரு சிறு கனத்துண்டு) அந்த நீரும் சேர்ந்தே விழும். தலை கொஞ்சம் வேறு கோணத்தில் இருந்தாலே அந்தக் கலவை மாறிவிடும். நீர் கூடினால் எஃப்.ஏ. இறங்கும், எம்.டி. (எல்லாத் திசையும் சேர்ந்த சராசரி நகர்வு) ஏறும். இறங்கிய ஸ்கேனில் எம்.டி. ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏறியிருந்தால், கலந்த நீரின் பங்கைக் கணக்கிட்டுக் கழிக்கும் ஃப்ரீ வாட்டர் திருத்தம் உதவும். ஆனால் பி=1000 (பி என்பது நீர் நகர்வை ஸ்கேன் எவ்வளவு உணர வேண்டும் என்ற அமைப்பு) மட்டும் வைத்துக்கொண்டு அதைச் செய்தால் விடையை முழுக்க நம்ப முடியாது, இன்னொரு பி மதிப்பும் வேண்டும்.

அப்புறம், எல்லாமே ஏ.பி. (முன்னிருந்து பின்) பதிவுத் திசையில் எடுத்திருக்கிறீர்கள். எதிர்த் திசையில் இரண்டு மூன்று பி=0 படங்கள் சேர்த்தால் டாப்அப் என்ற மென்பொருள் கருவியை வைத்துப் படத்தின் நெளிவை நிமிர்த்தலாம். ஒரு நிமிட வேலைதான். பகலில் கேட்டால் ஸ்கேன் சென்டரில் முகம் சுளிப்பார்கள், வெளியே நோயாளிகள் காத்திருப்பார்கள். சென்னையில் இரவு ஸ்லாட் கேட்டுப் பாருங்கள்.

இரைச்சல் நீக்கத்தை எடிக்கு (அசைவையும் நெளிவையும் திருத்தும் கருவி) பிறகு செய்திருக்கிறீர்களே, அது தலைகீழ். இரைச்சல் நீக்கம்தான் முதல் படி. அசைவுத் திருத்தத்தோடு பி-வெக்டர்களும் (ஒவ்வொரு படமும் எந்தத் திசை நகர்வை அளந்தது என்ற பட்டியல்) சுழற்றப்பட்டனவா என்றும் பாருங்கள். ஸ்மூத்திங் (பக்கத்துப் புள்ளிகளோடு சராசரியாக்குவது) மட்டும் வேண்டாம், ஃபார்னிக்ஸே கரைந்துபோகும்.