'க்ளோஸ்' என்று கூப்பிட்டால் எது ஓடும்?

பேரணாம்பட்டில் ஒரு தோல் தொழிற்சாலையின் சரக்குக் கணக்கை பெர்ல் (Perl) என்ற நிரல்மொழியில் எழுதிவரும் வாசகர் கேட்கிறார்: "லாட் என்ற பேக்கேஜில் (தனிப்பெயர் கொண்ட நிரல் தொகுப்பில்), லாட்டை முடித்துவைக்க க்ளோஸ் (close) என்று ஒரு மெத்தட் (லாட்டுக்கென ஒரு பங்ஷன்) எழுதினேன். வெளியிலிருந்து அம்புக்குறி (->) போட்டுக் கூப்பிட்டால் ஓடுகிறது. அதே பைலுக்குள் க்ளோஸ்($லாட்) என்று எழுதினால் 'ஆம்பிகுவஸ் கால்' (எதைக் கூப்பிடுவது என்று தெளிவில்லை) என்று வார்னிங், அப்புறம் 'நாட் எ க்ளாப் ரெஃபரன்ஸ்' (Not a GLOB reference) என்று நின்றுவிடுகிறது. பெயரையே மாற்றிவிடவா?"

வேண்டாம், பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது, கூப்பிடுகிற விதத்தை மாற்றினால் போதும்.

நம்மூர் வேலூரில் ஆட்டோவில் ஏறி வெறுமனே 'ஸ்டேஷன்' என்றால் காட்பாடிக்குத்தான் விடுவார்கள், கன்டோன்மென்ட் வேண்டுமென்றால் பெயர் சொல்ல வேண்டும், இல்லையா? பெர்லும் அப்படித்தான். 1987-லேயே பிறந்த மொழி அது, தரவையும் அதற்கான மெத்தட்களையும் சேர்த்து வைக்கும் ஆப்ஜெக்ட் வசதி 1994-ல் பெர்ல் 5 வந்தபோதுதான் சேர்ந்தது. அதனால் வெறும் க்ளோஸ் என்று எழுதினால் கம்பைல் ஆகும்போதே பெர்லிலேயே உள்ளமைந்த, பைலை மூடுகிற க்ளோஸ் பங்ஷனுக்குப் போய்விடும், அது பைல் ஹேண்டிலை, அதாவது திறந்த பைலைக் குறிக்கும் 'க்ளாப்'பை எதிர்பார்க்கும், உங்கள் லாட்டோ ஒரு ஹாஷ் (பெயரும் மதிப்புமாக வைக்கும் பட்டியல்). அம்புக்குறிக்குப் பின்னால் வரும் பெயருக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அதை ஓடும்போது ஆப்ஜெக்டின் பேக்கேஜிலும் அதன் தாய் பேக்கேஜ்களிலும் தேடும்.

ஆகவே பைலுக்குள்ளும் $லாட்->க்ளோஸ் என்றே எழுதுங்கள். &க்ளோஸ்($லாட்) என்றாலும் உங்களுடையது ஓடும், ஆனால் நாளைக்கு ஏற்றுமதி லாட்டுக்கு, லாட்டைத் தாயாகக் கொண்டு தனியாக ஒரு பேக்கேஜ் எழுதி அதில் வேறு க்ளோஸ் வைத்தால், இந்த & அதைக் கண்டுகொள்ளாது. அதே பைலில் நிஜமாகவே ஒரு பைலை மூடுகிற வரிக்கும் இந்த வார்னிங் வரும். அங்கே கோர்::க்ளோஸ் (CORE::close) என்று முழுப்பெயர் கொடுத்துவிடுங்கள், வார்னிங் போய்விடும்.

உள்ளமைந்த பெயரை நம் பங்ஷனுக்கே திருப்பிவிடும் 'யூஸ் சப்ஸ்' (use subs) போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த பேக்கேஜில் பைல் மூடுகிற க்ளோஸ் எல்லாம் உங்கள் மெத்தடுக்கு வந்து சேரும், பைல் மூடாமலே கிடக்கும்.

சதுர அடியைச் சொல்லும் மெத்தடுக்குச் சுருக்கமாக 'எஸ்' (s) என்று பெயர் வைக்கிற எண்ணம் இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். அம்புக்குறியோடு அதுவும் ஓடும். அம்பை ஒருமுறை மறந்து எஸ்($லாட்) என்று எழுதிவிட்டால் போச்சு, பெர்ல் அதைத் தேடி-மாற்றும் கட்டளையாகப் படித்து அடுத்த வரியையும் விழுங்கிவிடும், எரர் சம்பந்தமே இல்லாத இடத்தில் காட்டலாம். 'சதுர_அடி' என்றே வையுங்கள்.