சைன் மதிப்பு −1/2 எனில் இரண்டு கோணங்கள் வருவது ஏன்?

கணிப்பான் −30° என்று ஒரே விடையைத் தர, புத்தகமோ 210°, 330° என இரண்டைத் தருவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆதிப்புள்ளியை மையமாகவும் 1 அலகை ஆரமாகவும் கொண்ட வட்டத்தில், கிடை அச்சின் வலப்புறத்திலிருந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஒரு கோணம் சுழன்றால், நாம் சென்று சேரும் புள்ளியின் உயரமே அக்கோணத்தின் சைன் ஆகும். ஆகவே உயரம் −1/2 ஆக உள்ள புள்ளிகளைத் தேட வேண்டும். அச்சுக்கு அரை அலகு கீழே கிடைக்கோடு ஒன்றை வரையுங்கள்; இந்தப் படத்தைக் கையால் வரைந்து பார்ப்பது மிக முக்கியம். அக்கோடு வட்டத்தை மூன்றாம் (கீழ் இடது), நான்காம் (கீழ் வலது) கால்பகுதிகளில் ஒவ்வோரிடத்தில் வெட்டும். 30° கோணத்தின் சைன் 1/2 ஆதலால், கோணங்கள் 180° + 30° = 210°, 360° − 30° = 330° ஆகும். கணிப்பான் −90° முதல் 90° வரையிலான விடையை மட்டுமே தரும். அதன் −30°, அதாவது கடிகார முள்ளின் திசையில் 30°, சென்று சேர்வதும் 330° சேரும் அதே புள்ளியைத்தான்.