மூட்டை, பூட்ஸ், காய்ச்சல்: கேடட் கேள்வி-பதில்

சிங்கப்பூர் ராணுவத்தின் உடல்தகுதித் தேர்வான ஐபிபிடியில் 61 புள்ளி எடுக்க எத்தனை புஷ்-அப் போட வேண்டும்? (ஈசூன்)

வயதை எழுதவில்லை. 2.4 கிலோமீட்டரை எவ்வளவு நேரத்தில் ஓடுகிறீர்கள் என்றும் எழுதவில்லை. எனக்கு ஜோசியம் தெரியாது, தம்பி. மொத்தம் 100 புள்ளி. அதில் ஓட்டத்துக்கு மட்டும் 50, புஷ்-அப், சிட்-அப் இரண்டுக்கும் தலா 25. அறைக்குள்ளேயே புஷ்-அப் போட்டுக்கொண்டு ஓட்டத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் கணக்கைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும். என்எஸ் (கட்டாய தேசிய சேவை) போகுமுன் 61 எடுத்தால் சேவைக் காலத்தில் இரண்டு மாதம் குறையும். அவசரத்தில் காய்ச்சலோடு மட்டும் ஓடிவிடாதீர்கள்.

பள்ளியில் என்சிசி என்ற தேசிய மாணவர் படையில் சேர்ந்ததிலிருந்து மகள் வீட்டில் "செடியா" என்று கத்துகிறாள். கட்டளை ஏன் மலாயில்? (பிடோக்)

மலாய் நம் தேசிய மொழி, அதனால்தான். "செடியா" என்றால் நேராக நில், "செனாங் டிரி" என்றால் தளர்ந்து நில். பாத்திரம் கழுவும் நேரத்தில் நீங்களும் ஒருமுறை கத்திப் பாருங்கள்.

அக்கா மகன் அமெரிக்கக் கல்லூரியில் ஆர்ஓடிசி (ராணுவ அதிகாரிப் பயிற்சி) கேடட். ரேஞ்சர் சேலஞ்ச் என்ற கேடட் போட்டிக்கான அணியில் இடம் பிடிக்க ஆசை. அதற்குள் நார்வே நடையும் முடிக்க வேண்டுமாம். டிசம்பரில் இங்கே வருகிறான், எப்படிப் பழக்குவது? (தெம்பனீஸ்)

நார்வே ராணுவம் 1915இல் தொடங்கிய நடை அது. 30 கிலோமீட்டர், முதுகில் 11 கிலோ, இளைஞர்களுக்கு நாலரை மணி நேரம். அதாவது கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிடம். தண்ணீரும் சாப்பாடும் அந்த 11 கிலோவில் சேராது. ஐந்து கிலோ அரிசிப் பையைத் துண்டில் சுற்றி, தோள்பட்டைகளுக்கு நடுவே, முதுகோடு ஒட்டியபடி கட்டச் சொல்லுங்கள். இடுப்புக்குக் கீழே தொங்கினால் மறுநாள் கட்டிலிலிருந்து எழமுடியாது. வாரத்துக்கு ஒன்றிரண்டு கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டாம். மூட்டையோடு ஓடவும் வேண்டாம், முழங்கால் ஒரு ஜோடிதான். குளிரிலிருந்து வருகிற பையன் நம் புழுக்கத்துக்குப் பழக பத்து நாள், இரண்டு வாரம் ஆகும். முதல் வாரம் விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் வெறுமனே நடக்கட்டும், போதும்.

ரூட் மார்ச்சுக்குப் (மூட்டையோடு நெடுந்தூர நடை) புது பூட்ஸ் எப்போது வாங்கலாம்? (ஜூரோங்)

முந்தின நாள் பீச் ரோடு ஆர்மி மார்க்கெட்டுக்கு ஓடாதீர்கள். ஒரு மாதம் முன்பே வாங்கி, போட்டுப் பழகுங்கள்.

சனிக்கிழமை அணித் தேர்வு. லேசான காய்ச்சல். சாரிடம் சொன்னால் பெயரை எடுத்துவிடுவார். பனடால் (காய்ச்சல் மாத்திரை) போட்டுக்கொண்டு ஓடலாமா? (உட்லண்ட்ஸ்)

கூடாது. இதை எத்தனை முறை எழுதுவது!

பனடால் வெப்பமானியில் தெரிகிற எண்ணைக் குறைக்கும், உடம்பு ஓடத் தயார் என்று அதற்கு அர்த்தமில்லை. ஓடும்போது தசைகள் சூட்டைக் கிளப்பும். நம் ஊர் ஈரக்காற்றில் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், சூடு வெளியேற வழியில்லை. உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மூளை தடுமாறத் தொடங்கும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சியில் நான் பார்த்தது. மூன்றாவது சுற்றில் ஒரு பையன் தடத்தை விட்டுக் கோணலாக ஓடினான். பெயரைக் கேட்டேன், "சாப்பிட்டாச்சு" என்றான். சட்டையைக் கழற்றி, பானப் பெட்டியிலிருந்த ஐஸை எல்லாம் அக்குளிலும் கழுத்திலும் கொட்டி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைத்தோம். முதலில் குளிர்விக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அப்புறம். பிழைத்துக்கொண்டான். அன்று காலை உடல்வெப்பம் பதியும் தாளில் 36.8 என்று எழுதியிருந்தான். முந்தின நாள் எண்ணை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறான்.

அவனைவிட என் கோபம் பெரியவர்கள் மேல்தான். காய்ச்சல் என்று சொன்ன பிள்ளையைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டால் அடுத்த பிள்ளை எப்படி வாய் திறக்கும்? மறுதேர்வு நடத்த ஒரு சனிக்கிழமை கிடைக்காதா? உங்கள் சாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

24 கிலோமீட்டர் ரூட் மார்ச்சுக்கு முந்தின இரவு ஐந்து லிட்டர் தண்ணீர் குடிக்கலாமா? (செங்காங்)

வேண்டவே வேண்டாம். ஒரேயடியாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் வேறு ஆபத்து வரும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், சாப்பாட்டில் உப்பைக் குறைக்காதீர்கள். காய்ச்சல் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் மேலே உட்லண்ட்ஸ்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.